சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

காலையில் கடையைத் திறந்ததும் அக்கா முதலில் செய்யும் வேலை, பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரை இரண்டு டம்ளர்களில் ஊற்றுவது. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றில் மட்டும் விளிம்புக்குக் கீழே சிவப்பு நூலைச் சுற்றி இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது. அது தங்கையுடையது.

நூல் டம்ளரோடு நிற்கவில்லை. தங்கையின் கத்தரிக்கோல் கைப்பிடி, அவள் ஊசிகளைக் குத்திவைக்கும் பஞ்சுப் பொதி, அவள் உட்காரும் முக்காலி, பின்னறையில் அவள் படுக்கும் மெத்தையின் ஓரம் என்று எல்லாவற்றிலும் சிவப்பு நூல் இருந்தது. அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

பழைய துணிகளைச் சரிசெய்து கொடுக்கும் சின்னத் தையல் கடை அது. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலை அடைப்பது எல்லாம் உண்டு. கிழிசல் அடைப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. துணியின் ஓரத்திலிருந்தே இழையை உருவி எடுத்து, ஊசியால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் செய்துவிடுவாள். துணிக்குச் சொந்தக்காரர்களே தடவித் தேடுவார்கள்.

"அது என்னது, டம்ளருக்குப் போய் சிவப்பு நூலு?" என்று ஒருநாள் கோட்டம்மா கேட்டார். வருடக்கணக்காகக் கணவரின் கோட்டுகளைக் கொண்டுவந்து கை நீளம் குறைத்துச் செல்பவர் என்பதால் அக்காவும் தங்கையும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. அந்த மனிதர் வாங்கும் எந்தக் கோட்டுக்கும் அவரைவிட நீளமான கை இருக்கும்.

"அதுவா? எங்க சின்னவளுக்கு ராசிம்மா. பக்கத்துல சிவப்பு இருந்தாத்தான் அவளுக்குத் தையல் நேரா வரும்" என்றாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"அப்ப எனக்கும் ஒரு முழம் குடு. எங்க வீட்டு மனுஷன் கழுத்துல கட்டிப் பாக்குறேன். அவரும் நேரா வராரான்னு பாப்போம்."

மூவரும் சிரித்தார்கள். தங்கையும்தான் சிரித்தாள். அவள் மட்டும் சிரிக்காமல் இருந்தால் அடுத்த கேள்வி வரும்.

ராசியாவது மண்ணாவது. ஆறு வருடங்களுக்கு முன் தங்கை ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தாள். சில நாளில் அங்கிருந்து போன் வந்தது. உங்கள் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். போனாள். கண்ணாடி போட்ட இளம் பெண் டாக்டர் ஒருவர் நிதானமாகப் பேசினார். இது பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கும் என்றார். தினம் ஒரு மாத்திரை போதும், சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ ஒட்டாது, ரத்தம் படுகிற ஊசி, பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"உங்க கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? ஒரே வயித்துல பிறந்தவங்க எல்லாரும் ரத்தத்தப் பாத்துக்கணும். கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

அன்றைக்குத் தங்கை வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? அம்மா போனபோது அவள் கைக்குழந்தை. அக்காவுக்குப் பதினொரு வயது. அந்த வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. கணவன் செத்த பிறகு, கையில் ஒரு பெண் குழந்தையோடு நின்றபோதுகூட, தங்கையைச் சேர்த்தே அணைத்துக்கொண்டவள். அவளிடம் மறைக்க இவளுக்கு என்ன இருக்கிறது?

அக்கா முழுவதையும் கேட்டாள். ஒட்டாது என்ற பகுதி மட்டும் அவள் காதில் ஏறவில்லை. மறுநாள் காலை டம்ளரில் நூல் ஏறியிருந்தது. அதற்கு அடுத்த வாரம், "எம்பொண்ணு படிக்கிற பிள்ள, அவகூட ஒரே ரூம்ல வேண்டாம்டி" என்று தங்கையின் மெத்தை கடையின் பின்னறைக்கு வந்தது. தங்கை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எனக்கு எது வேணா பண்ணிக்கோக்கா. நீ மட்டும் ஒரு தடவ வந்து ரத்தம் குடுத்துப் பாரு."

"எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

"நானும்தான் கல்லு மாதிரி இருந்தேன். அது வெளிய தெரியாதாம்க்கா."

"போய் ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டான்னா? நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒரு எடம் பாக்க வேணாமா? ஊரு என்ன பேசும்? வாய மூடிட்டு வேலையப் பாரு."

இப்படியே ஆறு வருடம் ஓடியது. தங்கை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நூல் கட்டிய டம்ளரில் குடித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். தங்கை போகிற அன்றைக்கெல்லாம், துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்று அக்கா வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். எந்த ஆஸ்பத்திரியில் துணி விற்கிறார்களோ!

பிறகு அக்காவுக்கு அசதி வந்தது. மத்தியானம் ஆனால் மிஷின் மேல் தலை சாய்ந்துவிடும். காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் முழுக்க வேலை செய்தவள் மாதிரி இருப்பாள். வயசு என்றாள். மிஷின் பெடல் கனம் என்றாள், அதற்கு எண்ணெய் விட்டாள். சாப்பாடு பிடிக்கவில்லை, அதற்கு வெயிலைக் குறை சொன்னாள். முன்பு தங்கை களைத்துப்போய் உட்கார்ந்தால், "மாத்திரையச் சாக்கா வச்சுக்கிட்டு சோம்பேறித்தனம்" என்று எரிந்து விழுந்தவள், இப்போது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இதற்கிடையில் அவளுடைய சுடிதார் சட்டைகள் இடுப்பில் இறுக ஆரம்பித்தன. தையற்காரிக்கு அது ஒரு பிரச்சினையா? பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்துத் தளர்த்திக்கொண்டாள். சில வாரம் கழித்து மறுபடி இறுகியது, மறுபடி பிரித்தாள். உள்துணி தீர்ந்ததும் வேறு துணியில் பட்டை வெட்டி ஒட்டுப் போட்டாள். அதே சட்டைகளில் கை தொளதொளத்தது. அதையும் பிடித்துத் தைத்துக்கொண்டாள். உடம்பு சொன்ன ஒவ்வொரு சேதிக்கும் அவள் சட்டையைத் திருத்தினாள். வேறு யாராக இருந்தாலும், சட்டை சேரவில்லையே என்று ஒருநாள் பயந்திருப்பார்கள். அவளுக்கு அந்தப் பயம் வர அவள் கைவேலையே வழிவிடவில்லை.

ஒரு மாலை தங்கை இஸ்திரி போடுவதற்காகத் துணிகளை எடுத்தபோது அக்காவின் சட்டை ஒன்று கையில் வந்தது. அதைப் பலகையில் விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் மூன்று முறை பிரித்த தையல் தடம். இரண்டு பக்கமும் ஒட்டுப் பட்டை. கைகளில் இரண்டு முறை பிடித்த தையல். வெறும் சட்டையாகப் பார்த்தால், மெலிந்த கைகளும் பெரிய வயிறும் உள்ள யாரோ ஒருத்தியின் சட்டை.

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அக்காவிடம் போனாள்.

"அக்கா, உடம்பு பெருத்தா கையும் சேந்துதானே பெருக்கணும்? இது என்ன, கை சிறுத்து வயிறு மட்டும் பெருத்திருக்கு?"

"எஞ்சட்டைய எதுக்குடி நோண்டுற?"

"கால நீட்டு பாப்போம்."

அக்கா இழுத்துக்கொள்வதற்குள் தங்கை குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நீர் கோத்த கால் அது, ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பார்த்திருக்கிறாள்.

"இப்பவே கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"என்னையும் உன் கூட்டத்துல சேக்கப் பாக்குறியா? உனக்கு வந்த அசிங்கம் எனக்கும் வரணும், அதானே?" அக்கா கத்தினாள். கத்திய வேகத்தில் மூச்சு வாங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடமாகத் தங்கை அழுது அக்கா பார்த்ததில்லை. அன்று அவள் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "உனக்கு ஒண்ணும் இல்லைன்னு வரட்டும்க்கா. அப்புறம் என்னைத் தெருவுல கூட நிறுத்து, போயிடுறேன். வாக்கா" என்றாள். அக்கா காலை மெல்ல விடுவித்துக்கொண்டு, செருப்பைத் தேடினாள்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து அதே கண்ணாடி டாக்டர் முன் இருவரும் உட்கார்ந்தார்கள். கிருமி இருந்தது. வயிற்றில் நீர் கோத்திருந்தது. கல்லீரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாக ஆகியிருந்தது.

"இவ்வளவையும் அந்தக் கிருமியா தின்னுச்சு?" என்று கேட்டாள் அக்கா.

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "கிருமி நேரா அவ்வளவா கெடுக்கிறதில்லம்மா. அது பாட்டுக்கு உள்ள குடியிருக்கும். வருஷக்கணக்கா உடம்பும் கண்டுக்காது. ஒரு கட்டத்துல உடம்பு முழிச்சுக்கும். அப்ப நம்ம செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும், ஆபத்து, ஆள் அனுப்புன்னு. அந்தச் சேதியக் கொண்டு போற மூலக்கூறுங்களுக்கு சைட்டோகைன்னு பேரு. சாதாரணக் காய்ச்சல்னா காவலுக்கு ஆளு வரும், கிருமிய அடிக்கும், சேதி நின்னுடும். இதுல கிருமி போகாது. அதனால சேதியும் நிக்காது. வந்த ஆளுங்க கிருமி இருக்கிற செல்லையும் சேத்தே அடிப்பாங்க. அதத்தான் அழற்சிங்கிறோம். அடிபட்ட இடத்த உடம்பு தழும்பு போட்டு மூடும். மறுபடி அடி, மறுபடி தழும்பு. உங்களுக்கு ஒரு அசதி வந்துச்சே, அதுலயும் இந்தச் சேதிங்களுக்குப் பங்கு உண்டு."

அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"ஓட்டை விழுந்த எடத்துலயே திரும்பத் திரும்ப இழை ஓட்டினா, கடைசியில அங்க துணியே இருக்காது. வெறும் நூல்தான் இருக்கும். விறைச்சுக்கிட்டு நிக்கும். எனக்கு அப்படி ஆயிடுச்சா?"

"ஆமாம்மா."

"இவளுக்கு?"

"அவங்களுக்கு மாத்திரை கிருமியப் பெருக விடாம அடக்கி வச்சிருக்கு. கிருமி அடங்கினதும் அந்தச் சேதியும் அடங்கிடுச்சு. கல்லீரல் நல்லாவே இருக்கு."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவ கூப்பிட்டப்பவே நான் வந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை. "பெரும்பாலும் இந்த நெலமைக்கு வந்திருக்காது" என்றார்.

அன்றே அக்காவை வார்டில் சேர்த்தார்கள். மாத்திரையும் தொடங்கினார்கள். மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் பதிந்தார்கள். என்னுடையதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தங்கை கெஞ்சினாள். அதே கிருமி உள்ளவளிடமிருந்து எடுக்க முடியாது என்று மென்மையாக மறுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் வருவதும் வயிற்று நீரை எடுக்கத் திரும்ப வருவதுமாகச் சில மாதங்கள் போயின.

அப்படி ஒரு மத்தியானம் வார்டில் அக்காவைப் பார்க்கத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கதவருகிலேயே நின்றார்கள். தங்கை நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தபோது, "இப்பத்தான் குடிச்சோம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவுக்கும் இப்படித்தான் வயிறு வீங்குச்சு" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

அம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் இதுவரை தங்கையிடம் அக்கா சொல்லியிருந்தாள்.

"யாரும் உள்ள வர மாட்டாங்க. நம்ம பெரியம்மா அம்மா டம்ளர்ல சிவப்பு நூலக் கட்டி வாசப்படிக்கிட்ட வச்சிருந்தாங்க. யார் வந்தாலும் அந்த நூலப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. அம்மா அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு கிடப்பா. நீ அவகிட்டப் போகணும்னு அழுவ. நாந்தான் உன்னைப் பிடிச்சுக்குவேன். செத்த அன்னைக்குத் தூக்க ஆள் இல்லடி."

"அக்கா…"

"நீ வந்து சொன்னப்ப நோயப் பத்தி நான் பயப்படல. அந்த நூலுக்குத்தான் பயந்தேன். அது எந்நேரமும் என் டம்ளருக்கு வந்துடும்னு பயந்தேன். அதனால முந்திக்கிட்டு உன் டம்ளர்ல கட்டிட்டேன். நூல் கட்டுறவ கையில இருந்தா அவ டம்ளருக்கு வராதுல்ல? நான் வளத்த பிள்ளைக்கு நானே கட்டினேன்."

தங்கை கட்டிலில் ஏறி, ஒடுங்கிப் படுத்து, பின்னாலிருந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருடமாக இருவரும் இப்படி அணைத்துக்கொண்டதில்லை. அக்காவின் உடம்பில் எலும்பும் தண்ணீரும்தான் இருந்தன.

அடுத்த நாள் அக்கா தன் மகளை வரவழைத்தாள். "மொதல்ல இவ ரத்தத்த எடுங்க" என்று நர்சிடம் சொன்னவள், முடிவு வரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மகளுக்கு ஒன்றும் இல்லை. பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் போட்ட தடுப்பூசி அவளைக் காப்பாற்றியிருக்கிறது என்றார் டாக்டர். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எந்த நர்ஸ் மகராசியோ என்னைக் கேக்காமலே போட்டுட்டா. கேட்டிருந்தா என்ன ஏதுன்னு பயந்து வேண்டாம்னிருப்பேன்."

அழுது ஓய்ந்ததும் தங்கையிடம் அந்த டம்ளரைக் கொண்டுவரச் சொன்னாள். வந்தது. கூடவே தன் கத்தரிக்கோலையும் கேட்டாள். நூலை வெட்ட முயன்றாள். எத்தனையோ ஆயிரம் நூலை வெட்டிய கை, அந்த ஒரு நூலை வெட்ட முடியாமல் தவித்தது. மகள் கை கொடுக்கப் போனாள். "வேண்டாம், நாங்கட்டினது" என்றாள் அக்கா. ஒரு வழியாக வெட்டினாள். அந்த டம்ளரிலேயே தண்ணீர் கேட்டு ஒரு மடக்கு குடித்துவிட்டு மகளிடம் நீட்டினாள். மகள் மீதியைக் குடித்தாள்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட ராசின்னு நான் சொன்ன பொய்ய நீதான்டி பிரிக்கணும். கூசாம சொல்லு. எம்பொண்ணுக்கு எடம் வரலைன்னா வராம போகட்டும். உசுரோட இருப்பா."

அடுத்த மாதம் வயிற்று நீரில் வேறொரு தொற்று புகுந்தது. அக்கா போய்விட்டாள். தூக்க ஆள் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து நிம்மதிப்பட அவள்தான் இல்லை.

கடையை மறுபடி திறந்த அன்று தங்கை பழக்கத்தில் இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. எது தன்னுடையது, எது அக்காவுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தபோது, கோட்டம்மா ஒரு கோட்டுடன் உள்ளே வந்தார். துக்கம் விசாரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எங்க உன் ராசி நூலக் காணோம்?" என்றார்.

தங்கை டம்ளர்களை விட்டுக் கையை எடுத்தாள். உள்ளதைச் சொன்னால் கோட்டம்மா கோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். தெரு முழுக்கப் பரவலாம். மூலையில் அக்கா மகள் பித்தானுக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிர்ந்து, "சொல்லு சித்தி" என்றாள்.

சொன்னாள். தன் நோயை, அக்காவின் நோயை, நூல் எதற்காக வந்தது என்பதை, இடுப்பில் பிரித்துப் பிரித்துத் தைத்த சட்டையை எல்லாம் சொன்னாள்.

"என் நோயும் அக்கா நோயும் ஒண்ணுதாம்மா. சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் சொன்னத நான் கேட்டேன், இருக்கேன். அக்கா ஊர் வாய்க்குப் பயந்தா, போயிட்டா. இந்த நோய் டம்ளர்ல ஒட்டாது. இதுக்கு மாத்திரை இருக்கு, வராம இருக்க ஊசி இருக்கு. வெக்கத்துக்குத்தாம்மா மருந்தே இல்ல. எங்கக்காவ வெக்கம்தான் கொன்னுச்சு."

கோட்டம்மா, கொண்டுவந்த கோட்டை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனார். தங்கை தலை குனிந்துகொண்டாள்.

வாசற்படியில் அவர் நின்றார். திரும்பாமலே பேசினார்.

"எங்கம்மாவும் வயிறு வீங்கித்தான் போனாங்க. யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. எங்கண்ணனும் அப்படித்தான் போனான். எனக்கும் கொஞ்ச நாளா ஒரே அசதியா இருக்கு."

தங்கை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, முக்காலியில் உட்காரவைத்தாள். கைக்கு வந்த டம்ளரில் தேநீரை ஊற்றி நீட்டினாள். கோட்டம்மா அதை ஒரு கணம் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

"குடிச்சிட்டுக் கிளம்புங்கம்மா. ஆஸ்பத்திரி தெறந்திருக்கும். நானும் கூட வரேன்" என்று சொல்லிவிட்டு, தங்கை மிஷினை மூடினாள்.